எச்-கியரும் கிளட்சும்: சிமுலேட்டரில் நாள்பட ஓட்டினால் தெரிவது

லாஜிடெக் ஜி29 வீல், அதோடு வரும் மூன்று பெடல், தனியாக வாங்கும் ஆறு கியர் ஷிஃப்டர் (எச் வடிவப் பள்ளங்களில் நகரும் கியர் லீவர்; மேலே 1, 3, 5, கீழே 2, 4, 6). மென்பொருள் அசெட்டோ கோர்ஸா என்ற கார் பந்தய சிமுலேட்டர். கார், முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். கையால் கியர் போட்டுப் பழக இதைவிடத் தோதான சேர்க்கை கிடைப்பது கஷ்டம். வேகம் குறைவு, பின்சக்கர இழுவை, தப்பு செய்தால் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் ஆட்டோ கியர், ஆட்டோ கிளட்ச், ஆட்டோ பிளிப் (கியர் குறைக்கும்போது ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டு தட்டி இன்ஜின் வேகத்தை ஏற்றுவது பிளிப்) மூன்றையும் அணைக்க வேண்டும். ஆட்டோ கிளட்ச் மட்டும் ஆனில் இருந்துவிட்டால், கால் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். வேலையை மென்பொருள் செய்துகொண்டிருக்கும். யுஎஸ்பி செருகிய பிறகு மூன்று பெடலையும் ஒருமுறை அடிவரை மிதித்து விடுங்கள். அப்போதுதான் அவற்றின் முழு வீச்சு பதிவாகும். கிளட்சுக்கு மேலேயும் கீழேயும் 5 சதவீதம் டெட்ஸோன் (மிதித்தாலும் கணக்கில் வராத பகுதி) போதும்.

அடுத்தது உட்காரும் இடம். டைல்ஸ் தரையில் கிளட்சை மிதித்தால் பெடல் பலகை முன்னே நழுவும், சக்கர நாற்காலி பின்னே ஓடும். பெடலைச் சுவரோடு ஒட்டி, இடைவெளியில் ஒரு மரச்சட்டம் கொடுங்கள். நாற்காலியின் சக்கரங்களைப் பழைய ஷூக்களுக்குள் இறக்கி வைப்பது பார்க்கக் கேவலமாக இருக்கும், ஆனால் அசையாது. ஷிஃப்டரின் பிடிக்கும் மேஜைக்கும் நடுவே பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி வைத்தால் திருகு அடிக்கடி தளராது.

இனி ஸ்டார்ட். கிளட்சை ‘டக்’கென்று விட்டால் வேகமாகக் கிளம்பலாம் என்று நினைத்துத்தான் பெரும்பாலானோர் கெடுத்துக்கொள்கிறார்கள். இந்தக் காரில் முதல் கியரின் விகிதம் 3.136, பின் அச்சிலுள்ள டிஃபரென்ஷியலின் விகிதம் 4.3. இன்ஜின் 4000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 4000 சுற்று) சுற்றும்போது சக்கரம் அதோடு ஒத்துப்போக, கார் மணிக்கு சுமார் 32 கிலோமீட்டரில் போயிருக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து அந்த வேகத்துக்கு வர ஒன்றரை, இரண்டு நொடி ஆகும். அவ்வளவு நேரமும் இடையிலுள்ள வித்தியாசத்தை யாராவது வழுக்கித்தான் சமாளிக்க வேண்டும். கிளட்ச் வழுக்காவிட்டால் டயர் வழுக்கும். டயருக்குப் பிடி அதிகமென்றால் ஆர்பிஎம் பொத்தென்று விழுந்து வண்டி திணறும்.

அதனால் கிளட்சை இரண்டு பாகமாக விட வேண்டும். பிடிக்க ஆரம்பிக்கும் புள்ளி வரை சட்டென்று. அங்கே நிறுத்தி, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே மிச்சத்தை மெதுவாக. அந்தப் புள்ளியைக் கண்டுபிடிக்க, திரையில் பெடல் அளவு காட்டும் பட்டையைப் போட்டுக்கொண்டு, ஐடிலில் முதல் கியரில் கிளட்சை மட்டும் மெல்ல விடுங்கள். கார் நகரத் தொடங்கும்போது பட்டை எங்கே நிற்கிறதோ அதுதான். இருபது தடவை செய்தால் காலுக்கு இடம் தெரிந்துவிடும். குதிகால் தரையை விட்டு எழும்பினால் அந்தப் புள்ளி தினமும் மாறும்.

கியர் குறைக்கும்போதும் கணக்கு அதேதான். 4-லிருந்து 3-க்கு ஆர்பிஎம் 1.33 மடங்காகும், 3-லிருந்து 2-க்கு 1.42 மடங்கு. மூன்றாவதில் 4000 ஓடினால் இரண்டாவதில் கிட்டத்தட்ட 5700 வேண்டும். பிளிப் கொடுத்து அதை முன்கூட்டியே ஏற்றாமல் கிளட்சை விட்டால், பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். மூன்றாவதில் 5000-க்கு மேல் இருக்கையில் இரண்டாவதைத் தேடவே வேண்டாம்; 7100-க்கு ஏறிவிடும்.

பிரேக் பிடித்துக்கொண்டே பிளிப் கொடுக்க, இரண்டு பெடலையும் ஒரே பாதத்தால் ஆள வேண்டும். அதற்குப் பெடல் தகட்டின் திருகைக் கழற்றி ஆக்ஸிலரேட்டர் தகட்டை பிரேக் பக்கம் தள்ளி மாட்டிக்கொள்ளலாம். ஜி29-இன் பிரேக்குக்குள் ரப்பர் கட்டை இருப்பதால் அது கெட்டியாக நிற்கும். பலருக்கு அது பிடிப்பதில்லை. இந்த வேலைக்கு அதுதான் வசதி. இளகின பிரேக் ஆக்ஸிலரேட்டருக்குக் கீழே இறங்கிவிடும், பிறகு பாதத்தைச் சாய்க்கும் முன்பே ஆர்பிஎம் ஏறத் தொடங்கும்.

ஷிஃப்டர் இடப்பக்கமா, வலப்பக்கமா? நம்மூர்க் காரில் பழகிய கைக்கு இடப்பக்கம்தான். பழக்கத்தைத் தாண்டி வேறு காரணமும் உண்டு. அவசரத்தில் கை தானாக உடம்பை நோக்கித்தான் இழுக்கும். வலக்கையால் 5-லிருந்து 4-க்கு இழுக்கையில் அப்படி நடந்தால் 2 விழும். ஆர்பிஎம் இரண்டு மடங்குக்கு மேல் போய் இன்ஜின் காலி. இடக்கையில் அதே தப்பு 6-இல் போய் முடியும், வண்டி சும்மா சோர்ந்து போகும். எந்தக் கையானாலும் குமிழை இறுக்கிப் பிடிக்காதீர்கள். நியூட்ரலுக்கு வந்ததும் ஸ்பிரிங்கே நடுவரிசைக்குக் கொண்டுவரும். விரித்த உள்ளங்கையால் தள்ளினால் போதும்.

கிளட்சை அரைகுறையாக மிதித்து கியர் போட்டால் கியர் விழாது. லீவர் மூன்றில், கார் நியூட்ரலில். மறுபடி நியூட்ரலுக்கு இழுத்து, முழுக்க மிதித்துப் போட வேண்டும்.

ஓட்டும் திறமை திடீரென்று குறைந்ததுபோல் தோன்றினால் பெடலைச் சந்தேகியுங்கள். பொட்டென்ஷியோமீட்டர் (பெடல் எவ்வளவு அழுந்தியது என்று அளக்கும் பாகம்) வைத்த பெடல்களில் தூசி சேர்ந்தால், மிதிக்காமலே பட்டை துடிக்கும். நேர்ரோட்டில் கிளட்ச் பாதி அழுந்தியதுபோல் இழுவை போகும். யுஎஸ்பியைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனரை அதற்குள் லேசாக அடித்து, பெடலை முப்பது நாற்பது முறை ஆட்டி, நன்றாக உலர விடுங்கள். துரு நீக்கும் எண்ணெய் வேண்டாம், அது படிந்து மேலும் தூசியைச் சேர்க்கும்.

எம்எக்ஸ்-5 கைவந்த பிறகு பிஎம்டபிள்யூ இ30 எம்3-க்குப் போகலாம். அதன் ஐரோப்பியப் பதிப்பில் முதல் கியர் இடப்பக்கம் கீழே இருக்கும். கன்ட்ரோல் அமைப்பில் ஷிஃப்டரின் 1-ஐ ரிவர்ஸாகவும், 2-ஐ முதல் கியராகவும், 3, 4, 5, 6-ஐ முறையே இரண்டு, மூன்று, நான்கு, ஐந்தாகவும் மாற்றிவிட்டால் அசல் வண்டியின் வரிசை வந்துவிடும். எம்எக்ஸ்-5-க்குத் திரும்பும்போது தேவைப்படும் என்பதால், மாற்றும் முன்பே பழைய அமைப்பைத் தனிப் பெயரில் சேமித்து வைத்திருங்கள்.