காசிப் படித்துறைகளைப் படமெடுக்க எந்தப் படகில் ஏறலாம்?

காசியில் கேமராவோடு ஆற்றில் இறங்குபவருக்கு நான்கு வகைப் படகுகள் கிடைக்கும்: துடுப்புப் படகு, மோட்டார் படகு, மாடி வைத்த பஜ்ரா, ஏ.சி. குரூஸ். படம் எடுப்பதுதான் முதல் நோக்கம் என்றால் துடுப்புப் படகைத் தனியாக வாடகைக்குப் பிடியுங்கள். அஸ்ஸி படித்துறையில், சூரிய உதயத்துக்கு 40 நிமிடம் முன்னதாக ஏறி, தசாஸ்வமேதத்தில் இறங்கிவிடுங்கள். மற்ற மூன்றுக்கும் உரிய வேலை இருக்கிறது. விடியற்கால வெளிச்சத்துக்கு அவை இரண்டாம்பட்சம்தான்.

விசுவநாதர் கோயிலுக்குப் பக்கம் என்பதால் பெரும்பாலானோர் தசாஸ்வமேதத்தில் ஏறி அஸ்ஸி வரை போய்த் திரும்புகிறார்கள். படமெடுப்பவருக்கு இந்த வழி ஒத்துவராது. கங்கை காசியில் தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது; அஸ்ஸி தெற்குக் கோடியில் இருக்கிறது. தசாஸ்வமேதத்திலிருந்து கிளம்பினால் முதல் பாதி முழுக்க எதிர்நீச்சல். நடு ஆற்றில் இழுப்பு அதிகம் என்பதால் படகுக்காரர் கரையை ஒட்டியே வலிப்பார். அவ்வளவு நெருக்கத்தில் உயரமான அரண்மனைகள் ஃபிரேமுக்குள் அடங்காது. நல்ல வெளிச்சம் இருக்கும் அரை மணி நேரம் இப்படியே தீர்ந்துபோகும். அஸ்ஸியிலிருந்து கீழ்நோக்கி வந்தால் ஓட்டமே படகை நகர்த்தும். நிறுத்தச் சொன்ன இடத்தில் இரண்டு துடுப்பு பின்வலித்தால் போதும், படகு ஏறக்குறைய நிற்கும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் அனுமான் படித்துறை, கேதார் படித்துறைப் பக்கம் தங்குவது வழக்கம். அங்கிருந்து அஸ்ஸி வரை படிகள் வழியாகவே தெற்கே நடந்துவிடலாம். மழைக்காலம் முடிந்த புதிதில் மட்டும் படிகளில் வண்டல் படிந்து வழுக்கும். அந்த மாதங்களில் இருட்டில் அந்த வழி வேண்டாம், தெரு வழியாக ஆட்டோவில் போங்கள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை காசிக்கு ஓர் அபூர்வ வசதி உண்டு. ஊர் முழுக்க மேற்குக் கரையில், எதிர்க்கரையில் மணல்தான். உதிக்கும் சூரியனை மறைக்க அங்கே கட்டடமே இல்லை. அதனால் முதல் கதிர் ஆற்றைத் தாண்டி நேரே சுனார் மணற்கல் சுவர்களில் விழுகிறது. ஆறு பிறைபோல வளைவதால் வடக்கே போகப்போகப் படித்துறைகள் தென்கிழக்கைப் பார்க்கத் தொடங்கும். டிசம்பர், ஜனவரியில் சூரியன் கிழக்கிலிருந்து சுமார் 26 டிகிரி தெற்கே தள்ளி உதிப்பதால் சுவர்களில் வெளிச்சம் நேர்முகமாக விழும். நிறம் செழிக்கும், நிழல் குறையும். மே, ஜூனில் அதே அளவு வடக்கே தள்ளி உதிப்பதால் வெளிச்சம் பக்கவாட்டில் உரசும். படிகளின் விளிம்பும் தூண்களின் செதுக்கலும் துலங்கும். கட்டடக்கலைப் படங்களுக்கு நான் கோடைக்காலத்தைத்தான் சொல்வேன், வெயிலைப் பொறுத்துக்கொள்ள முடிந்தால். சூரிய உதயம் ஜனவரி நடுவில் ஏறக்குறைய காலை 6.45, மார்ச் மூன்றாம் வாரத்தில் 6.00, ஜூனில் 5.10.

இனிப் படகுகள். துடுப்புப் படகின் பெரிய பலம் அதிர்வில்லாமை. மோட்டார் படகுகளில் டீசல் போய் சி.என்.ஜி. வந்தபின் புகை குறைந்திருக்கிறது, அதிர்வு போகவில்லை. பலகையில் முழங்கை ஊன்றினால் அதிர்வு நேரே லென்ஸுக்கு ஏறும். எஞ்சினை நிறுத்தச் சொன்னாலும் சில நிமிடங்களில் படகு ஓட்டத்தோடு போய்விடும், மறுபடி ஸ்டார்ட் செய்தாக வேண்டும். பஜ்ராவில் மேல்தளம் இருக்கிறது. ஒரு மாடி உயரத்திலிருந்து பார்ப்பதால் கேமராவை அதிகம் அண்ணாத்த வேண்டாம், கோபுரங்கள் பின்னால் சாய்வது குறையும். ஆனால் இருபது முப்பது பேரோடு பகிர்ந்த பயணத்தில் உங்களுக்காக நிறுத்தமாட்டார்கள். குரூஸ் முதியவர்களுக்கும் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் நிம்மதியானது. கேமராவுக்கு அது கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்த பயணம். பாதையும் வேகமும் அவர்கள் வைத்ததுதான்.

துடுப்புப் படகின் குறைகளும் சிறியவை அல்ல. பெரிய மோட்டார் படகு கடக்கும்போது வரும் அலையில் அரை நிமிடம் வரை ஆடும். அப்போது எடுக்காமல் பொறுத்திருக்க வேண்டும். எல்லோரும் படித்துறைப் பக்கமே உட்கார்ந்தால் படகு சாய்ந்து எல்லாப் படங்களும் கோணலாகும். இருவர் போனால் ஒருவர் மூக்குப் பக்கமும் ஒருவர் பின்பக்கமும் இருங்கள். கீழ்நோக்கி வரும்போது படித்துறைகள் இடக்கைப் பக்கம் வரும். 24 மி.மீ. அகலக் கோண லென்ஸில் துடுப்பின் நுனி ஃபிரேமுக்குள் புகுந்துவிடும். துடுப்பு கட்டிய முளைக்கு முன்னால் இடம் பிடித்தால் தப்பிக்கலாம். உயிர்காப்பு ஜாக்கெட் இல்லாத படகில் ஏற வேண்டாம். இதில் பேரமே கூடாது.

ஏறுமுன் நான்கு விஷயங்களைப் பேசி முடித்துவிடுங்கள்: வாடகை படகுக்கா ஆளுக்கா, எங்கிருந்து எங்கே, எவ்வளவு நேரம், நடுவில் நிறுத்துவதும் எதிர்க்கரையில் இறங்குவதும் சேர்த்தியா. பருவத்துக்கும் கூட்டத்துக்கும் ஏற்பக் கட்டணம் மாறும், அதனால் முந்தின நாள் மாலையே ஆளைப் பார்த்துப் பேசுவது நல்லது. துடுப்புப் படகுக்கு அங்கே ‘சப்பூவாலி நாவ்’ என்று கேட்க வேண்டும். வெறும் ‘நாவ்’ என்றால் மோட்டார் படகைத்தான் காட்டுவார்கள். படகுக்காரரை ‘பையா’ என்று கூப்பிடுங்கள். ‘ரோக்கியே’ என்றால் நிறுத்துங்கள், ‘தீரே’ என்றால் மெதுவாக, ‘உஸ் பார்’ என்றால் எதிர்க்கரை. பெரும்பாலும் நிஷாத், மல்லா குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் இவர்கள். எந்தப் படித்துறையில் எப்போது வெயில் விழும் என்பது எந்தச் செயலியையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

அஸ்ஸியில் விடிவதற்கு முன் நடக்கும் ஆரத்தியைப் படகிலிருந்து எடுத்துக்கொண்டே தொடங்கலாம். வானம் நீலமாக இருக்கும் அந்தப் பொழுதுக்கு லென்ஸ் திறப்பு எஃப் 2.8 அல்லது 4, ஷட்டர் 1/125 நொடி, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 1600 முதல் 3200. லென்ஸிலும் கேமராவிலும் உள்ள நடுக்கத் தடுப்பு உங்கள் கைநடுக்கத்தைத்தான் அடக்கும். படகு நகர்வதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. படகு நொடிக்கு 1 மீட்டர் நகர்கிறது, சுவர் 40 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 35 மி.மீ. லென்ஸில் 1/125 நொடிக்குள் பிம்பம் சென்சாரில் சுமார் 7 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகரும். 24 மெகாபிக்ஸல் முழு ஃபிரேம் கேமராவில் அது ஒரு பிக்ஸலுக்குச் சற்று அதிகம், பொறுத்துக்கொள்ளலாம். அதே இடத்தில் 100 மி.மீ. போட்டால் 20 மைக்ரான். மூன்று பிக்ஸலுக்கு மேல் இழுபட்டுவிடும். ஆகவே 100 மி.மீ.க்கு 1/500, 200 மி.மீ.க்கு 1/1000 என்று வைத்துக்கொண்டு ஐ.எஸ்.ஓ.வை ஏறவிடுங்கள். அதனால் வரும் புள்ளிச் சிதறலைப் பிறகு குறைக்கலாம், இழுபட்ட படத்தைச் சரிசெய்ய வழியில்லை. மொபைலில் நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது சில நொடிகளில் பல ஃபிரேம்களை எடுத்துச் சேர்க்கும். ஆடும் படகில் படிகளின் கோடுகள் இரட்டையாக விழும். சாதாரண மோடில், முதன்மை லென்ஸில், தொடர் படங்களாக எடுத்து நல்லதைப் பொறுக்குங்கள்.

துளசி படித்துறை, அதையடுத்துப் பதைனியின் நீரேற்று நிலையக் கோபுரங்கள் இருட்டிலேயே கடந்துபோகும். சூரியன் தலைகாட்டும்போது நீங்கள் சேத் சிங் படித்துறைக்கு எதிரே இருக்க வேண்டும். ஆற்றிலிருந்து செங்குத்தாக எழும் கோட்டை அது. 1781-இல் வாரன் ஹேஸ்டிங்ஸை எதிர்த்த காசி அரசர் சேத் சிங் இங்கிருந்துதான் தப்பினார். ஜன்னல் குறைந்த அகன்ற மதில் என்பதால் முதல் வெயிலின் செம்மை இதில் ஏறுவதுபோல வேறெங்கும் ஏறாது. இங்கே பொதுவாக நடக்கும் தவறு, நீர்மட்டத்திலிருந்து கேமராவை அண்ணாத்தி எடுப்பது. மதில் பின்னால் விழுவதுபோல் சாயும். படகை 60, 80 மீட்டர் தள்ளிப் போகச் சொல்லுங்கள். கேமராவை நேராகப் பிடியுங்கள். கீழே மிகும் தண்ணீரைப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். கேமராவின் மட்டக்கோட்டை எப்போதும் திரையில் வைத்திருங்கள். நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடுத்தால் கோணலைத் திருத்த வசதி.

அரிச்சந்திர படித்துறையில் கேமராவைக் கீழே வையுங்கள். மணிகர்ணிகையிலும் அப்படியே. அங்கே எரிவது ஒரு குடும்பத்தின் துக்கம்; தூரத்திலிருந்து லென்ஸ் நீட்டி எடுப்பதும் தவறுதான். நீராடுகிறவர்களையும் முகம் தெரிய அண்மையில் எடுக்காதீர்கள்.

அடுத்து வருவது கேதார் படித்துறை: சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த படிகள், மேலே கேதாரேசுவரர் கோயில், பக்கத்தில் 17-ஆம் நூற்றாண்டில் காசிக்கு வந்த குமரகுருபரரின் மடம். தமிழர் கண் தானாகவே நிற்கும் இடம். நேர் வெயிலில் வெள்ளைப் பட்டைகள் வெளுத்துப் போகும், அதனால் எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு பங்கு முதல் அரை ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). பட்டைகளைப் படத்தின் அடிக்கோட்டுக்கு இணையாக வைத்து எடுப்பது எளிது; ஆனால் சற்றுத் தெற்கே நின்று சாய்கோணத்தில் எடுத்தால் ஏறும் இறங்கும் மனிதர்கள் ஒருவரையொருவர் மறைக்காமல் தனித்தனியாகத் தெரிவார்கள். சி.பி.எல். (போலரைசர்) ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது அது வானத்தின் நீலத்தைக் கூட்டாது; ஒன்றரை ஸ்டாப் வெளிச்சம்தான் வீண்.

இதற்குப் பிறகு சௌசட்டி, ராணா மகால், தர்பங்கா, முன்ஷி படித்துறைகள் வரிசையாக வரும். தர்பங்கா அரண்மனையின் உயர்ந்த தூண்களுக்கு உதயத்திலிருந்து 30, 40 நிமிடம் கழிந்த வெளிச்சமும் ஒத்துவரும். எஃப் 5.6, 1/500, ஐ.எஸ்.ஓ. 200 போதும்.

நேரம் இருந்தால் எதிர்க்கரை மணலில் இருபது நிமிடம் இறங்குங்கள். ஆற்றுப் பயணத்திலேயே முக்காலிக்கு (ட்ரைபாட்) வேலை உள்ள ஒரே இடம் அது. பிறை வளைவு முழுவதையும் பனோரமாவாக எடுக்கக் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, ஒன்றோடொன்று மூன்றில் ஒரு பங்கு மேற்பொருந்தும்படி எட்டு பத்து ஃபிரேம்கள் எடுக்கலாம். படகிலிருந்து இதை முயன்றால் ஒட்டும்போது படிகள் உடையும். 70-200 லென்ஸில் பார்த்தால் கோபுரங்களும் மாடங்களும் நெருங்கி அடுக்கடுக்காகத் தெரியும்.

தசாஸ்வமேதத்தைத் தாண்டி, மணிகர்ணிகைக்கு வடக்கே போக மோட்டார் படகு எடுங்கள். ஒரே காலையில் துடுப்புப் படகில் தெற்கு, வடக்கு இரண்டு பகுதிகளையும் முடிக்க நினைத்தால் வெயில் ஏறிவிடும். சிந்தியா படித்துறையில் சாய்ந்து நிற்கும் ரத்னேசுவர் கோயில் இந்தப் பகுதியின் முதல் படம். ஆற்றில் நீர் ஏறினால் கீழ்ப்பகுதி மூழ்கிவிடும். கோடையில் நீர் வற்றும்போதுதான் முழுதாகத் தெரியும். சாய்வு கோயிலுடையது என்று புரிய வேண்டுமானால் பின்னால் நிற்கும் கட்டடங்களின் செங்குத்துக் கோடு ஒன்றாவது ஃபிரேமில் இருக்க வேண்டும். பஞ்சகங்கை படித்துறையின் செங்குத்தான படிகளும் மேலே உள்ள ஆலம்கீர் மசூதியும் அகலக் கோணத்தில் சப்பையாகிவிடும், 50 மி.மீ. சரியாக இருக்கும். வடஇந்தியக் கார்த்திக மாதத்தில் (அக்டோபர்-நவம்பர்) மூங்கில் கழிகளில் ஏற்றும் ஆகாச தீபங்களை இங்கே மாலையில் பார்க்கலாம்.

தசாஸ்வமேத மாலை ஆரத்தியைப் படகிலிருந்து எடுப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். படகுகளை வரிசையாகக் கட்டிவிடுவார்கள். பின்வரிசையில் மாட்டிக்கொண்டால் முன்னால் உள்ள தலைகளும் மொபைல் திரைகளும்தான் கிடைக்கும், முடியும்வரை வெளியேறவும் முடியாது. படிகளில் ஒரு மணி நேரம் முன்னதாக இடம் பிடித்து, தீபச் சுடருக்கு ஒளி அளவெடுத்து, 1/250, ஐ.எஸ்.ஓ. 3200-இல் எடுப்பது மேல்.

பருவம் பார்த்துக் கிளம்புவது முக்கியம். ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆறு பெருகி வரும். வெள்ளம் ஏறினால் படகுகளை நிறுத்திவிடுவார்கள், படிகளும் முழுகிவிடும். அக்டோபரில் பம்பு வைத்து வண்டலைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். வடஇந்தியக் கார்த்திகப் பௌர்ணமி அன்று, படித்துறைகளில் விளக்கேற்றும் தேவ தீபாவளி. அன்றைக்குப் படகு வேண்டுமானால் வெகு முன்னதாகவே பேசிவைக்க வேண்டும், துடுப்புப் படகு அந்த நெரிசலுக்கு உகந்ததல்ல. டிசம்பர் கடைசி, ஜனவரியில் மூடுபனி. கேமராவின் ஒளி மீட்டரை நம்பினால் பனி சாம்பல் நிறமாகிவிடும், முக்கால் முதல் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வரும் கடற்பறவைகளுக்குப் போட ஓமப்பொடி போன்ற சேவ் பொட்டலங்களை ஆற்றிலேயே விற்பார்கள். எண்ணெயில் பொரித்தது பறவைக்கு உணவல்ல; வாங்காதீர்கள். பறவைகள் தாமாகவே படகுகளைச் சுற்றும். ஷட்டரை 1/1600 வைத்துக் காத்திருந்தால் போதும்.

நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து டிசம்பர் நடுவரை, அல்லது பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் கடைசிவரை போனால் பனியும் வெள்ளமும் குறுக்கே வராது. ஒரு காலை தெற்குக்கு, மறு காலை வடக்குக்கு என்று இரண்டு காலைகள் ஒதுக்குங்கள்; முதல் நாள் மேகம் கவிந்திருந்தால் அன்றைக்கு வடக்கே போய்விட்டு, தெளிந்த காலையைச் சேத் சிங் மதிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.