லிம் சூ காங்கில் குப்பை எண்ணிய காலை

சிங்கப்பூரில் 1992 முதல் நடக்கும் பன்னாட்டுக் கடற்கரைத் துப்புரவு நாளுக்கு இம்முறை மகளுடன் போனேன். இடம், லிம் சூ காங் அலையாத்திக் காடு. நீர் வற்றும் நேரம் பார்த்தே வரச்சொல்லியிருந்தார்கள், நல்ல ஏற்பாடு.

எனக்கு மிகவும் பிடித்தது, பொறுக்கியதோடு விடாமல் ஒவ்வொன்றையும் வகை பிரித்து எண்ணி எழுதவைப்பதுதான்: உறிஞ்சுகுழல், பாட்டில் மூடி, சிகரெட் துண்டு, அறுந்த வலை. எங்கள் பையில் தெர்மாகோல் துணுக்குகளே அதிகம். வேர்களுக்கிடையே சிக்கியதை விரலால்தான் எடுக்க வேண்டும், பொறுமை கேட்கும் வேலை. மகள் சேற்றில் துள்ளும் மீன்களைப் பார்த்து நின்றுவிட்டாள். சரி, அதற்கும்தானே வந்தோம்!

ஒரே குறை, எங்கள் குழுவில் சிறுவர் அளவுக் கையுறை இல்லை. சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை மணலைவிட இந்தச் சேற்றுக்குத்தான் ஆள் தேவை. கட்டாயம் போங்கள், மூடிய காலணியோடு.