நாற்பது நிமிடத்தில் நல்லாத்தான் இருந்தார்: கேம் பாஸ் சந்தா கட்டிப் பார்த்த கதை

2025 சீசனுக்கு என்.எப்.எல். கேம் பாஸ் சந்தா கட்டினேன். ஹட்டனுக்கு மேலே, மழைக்காலத்தில் சாயந்திரம் நாலு மணிக்கே லைட் போட வேண்டிய ஒரு தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்கன் ஃபுட்போல் பார்க்கக் காசு கட்டுகிறவன் நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன். என் மனைவியும் அதையேதான் சொல்கிறாள், குரல்தான் வேறு. சந்தா கட்டக் காரணம் ஒரு வாக்குவாதம். அதனால் இந்த ரிவியூவில் பாதி சந்தாவைப் பற்றியும் பாதி ரசல் வில்சனைப் பற்றியும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாமா மகன் ஒருத்தன் நியூ ஜெர்சியில் இருக்கிறான், நியூயோர்க் ஜயன்ட்ஸ் பைத்தியம். 2025 மார்ச்சில் ஜயன்ட்ஸ் வில்சனை ஒரு வருஷத்துக்கு எடுத்ததும் "மச்சான், இனி நாங்கதான்" என்று மெசேஜ் போட்டான். வில்சனுக்கு அப்போது 36 வயது. சியாட்டில் அணிக்காக ஆடி சூப்பர் போல் என்ற இறுதிப் போட்டியை வென்ற குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துகிறவர்), அதில் யாருக்கும் பேச்சில்லை. ஆனால் 2022 இல் டென்வர் அவரை வாங்கி, 240 மில்லியன் டொலருக்கு மேல் ஒப்பந்தமும் போட்டு, இரண்டே சீசனில் போதும் சாமி என்று வெளியே விட்டது. விட்டதால் சம்பளக் கணக்கில் 85 மில்லியன் டொலர் சுமையும் அதன் தலையில் விழுந்தது. அப்புறம் பிட்ஸ்பர்க் எடுத்தது, சுமார் 1.2 மில்லியனுக்கு, ஏனென்றால் மிச்சச் சம்பளத்தை டென்வர்தான் கட்டிக்கொண்டிருந்தது. அங்கே முதல் ஏழு ஆட்டத்தில் ஆறு வெற்றி, பிளேஓஃப் என்ற நொக்கவுட் ஆட்டத்தையும் சேர்த்துக் கடைசி ஐந்தும் தோல்வி. இப்படிச் சறுக்கிக்கொண்டு வருகிற ஆளுக்கு ஜயன்ட்ஸ் 10.5 மில்லியன் உறுதிப் பணம் கொடுத்தது சரியா? பிழை என்றேன் நான். "ஹைலைட்ஸ் மட்டும் பார்த்துட்டுப் பேசாத" என்றான். சரி, முழுசாகவே பார்த்துவிட்டுப் பேசுகிறேன் என்று கார்ட் நம்பரை அடித்துவிட்டேன்.

2023 முதல் வெளிநாட்டு ரசிகர்களுக்கு இந்தச் சந்தா டசோன் செயலி வழியாகத்தான் வருகிறது. நேரடி ஆட்டம் உண்டு, முடிந்த ஆட்டத்தை முழுசாகப் போட்டுப் பார்க்கலாம், அதையே இடைவெளி எல்லாம் வெட்டி நாற்பது நிமிடமாக்கிய சுருக்கமும் உண்டு. இது போக ஆல்-22 என்று ஒன்று: மேலே இருந்து 22 பேரும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி, பயிற்சியாளர்கள் பார்க்கிற வீடியோ. நேரம்தான் நமக்குச் சோதனை. அங்கே ஞாயிறு பகல் ஒரு மணி ஆட்டம் நமக்கு இரவு 10.30க்கு, நவம்பரில் அவர்கள் கடிகாரத்தை மாற்றினால் 11.30க்கு. அவர்களுடைய ஞாயிறு இரவு ஆட்டம் நமக்குத் திங்கள் காலை 5.50க்கு, பெரட்டுக்கு ஆட்கள் கிளம்புகிற நேரம்.

இரண்டாவது வாரம் ஜயன்ட்ஸ், டல்லஸில். இரவு 10.30க்குப் பிளேன்டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன், இரண்டாவது கால்பகுதியில் மழை பிடித்தது, சிக்னல் போனது, நானும் போர்வைக்குள் போய்விட்டேன். (எந்த நெட்வேர்க் என்று கேட்காதீர்கள், இங்கே மழைக்கு எல்லாம் ஒன்றுதான்.) காலையில் மச்சானின் மெசேஜைத் திறக்காமலே வேலைக்குப் போய், சாயந்திரம் வந்து நாற்பது நிமிடச் சுருக்கத்தைப் பார்த்தேன். என்ன ஆட்டம்! வில்சன் மொத்தம் 450 யார் (கஜம்) எறிந்திருந்தார், மூன்று டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது). 25 செக்கன்ட் இருக்கும்போது தன் அணியின் மலிக் நேபர்ஸுக்கு 48 யார் தூரம் ஒரு பந்து, மலை உச்சியில் இருந்து உருட்டிவிட்ட மாதிரி வந்து கையில் விழுந்தது. அதற்குப் பிறகும் டல்லஸ்காரன் 64 யாரில் இருந்து உதைத்துச் சமன் செய்து, மேலதிக நேரத்தில் 40-37 என்று வென்றுவிட்டான், ஆனால் அதற்கு வில்சன் என்ன செய்வார்? "மச்சான், நான் சொன்னது பிழை" என்று எழுதியே அனுப்பிவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் அதே ஆட்டத்தை முழுசாகப் போட்டேன், மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடியது, டேட்டாவில் பாதி அதற்கே போனது. அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. ஒரு முழு ஆட்டத்தில் பந்து உயிரோடு இருப்பது சுமார் 11 நிமிடம்தான். சுருக்க வீடியோ அந்த 11 நிமிடத்தைச் சுற்றி வெட்டியது, வயசு தெரிவதோ மிச்ச நேரத்தில். கீழே விழுந்தவர் எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறார், அடுத்த நகர்வை மாற்றிச் சொல்லக் கோட்டுக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் நிற்கிறார், தவறவிட்ட பிறகு எங்கே பார்க்கிறார், இதெல்லாம் வெட்டுப்பட்டுப் போகிறது. எங்கள் தோட்டத்தில் பொங்கல் சொப்ட்போல் மெச்சுக்கு ஆள் எடுக்கும்போது தலைவர் ஒருத்தர் சொல்வார், "அவன் பந்து போடுறதப் பாக்காத, போட்டுட்டுத் திரும்பி நடக்கிறதப் பாரு". அதே கதைதான்.

ஆல்-22ஐப் போட்டால் இன்னும் மோசம். நடுவில் ஆள் சும்மா நிற்கிறான், பதினைந்து யார், எறிந்தால் போதும். வில்சன் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. ஓரக்கோட்டை ஒட்டி உயரத் தூக்கிப் போடுகிறார். அவர் நடுப்பகுதிக்கு எறியத் தயங்குவார் என்று அமெரிக்காவில் பல வருஷமாகச் சொல்கிறார்கள், நான் அதைப் படித்திருந்தேனே தவிரக் கண்ணால் பார்த்தது இப்போதுதான். அந்தத் தூக்கிப் போடுகிற பந்து விழுந்தால் 48 யார் டச்டவுன், விழாவிட்டால் மேலதிக நேரத்தில் டல்லஸின் டொனவன் வில்சன் பிடித்ததே, அது மாதிரி. வில்சன் எறிய வில்சன் பிடித்தான்.

அடுத்தது கன்சாஸ் சிட்டி அணியோடு, திங்கள் காலை 5.50, நேரடியாக. மனைவி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள், பிள்ளை ஒரு காலில் சப்பாத்தோடு போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். 22-9 தோல்வி, 160 யார், இரண்டு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடிப்பது). சொந்த மைதானத்திலேயே கூட்டம் ஜக்சன் டார்ட்டின் பெயரைக் கத்தியது; டார்ட், அணிகள் முறைவைத்துப் புது வீரர்களை எடுக்கிற தேர்வில் அந்த வருஷம் 25ஆவதாக எடுக்கப்பட்ட குவாட்டர்பேக் பையன். செவ்வாய்க்கிழமை வில்சன் பெஞ்சில். மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி.

அப்போ வயசானவரை எடுக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன், ஜோ ஃபிளாக்கோ என்று இன்னொரு வயசான குவாட்டர்பேக் இருக்கிறார். தன் குவாட்டர்பேக் ஜோ பர்ரோவுக்கு அடிபட்ட பிறகு ஒக்டோபரில் சின்சினாட்டி 40 வயது ஃபிளாக்கோவைக் கிளீவ்லண்டிடம் இருந்து வாங்கியது. விலை, புது வீரர் தேர்வின் ஐந்தாம் சுற்றில் ஒருத்தரை எடுக்கிற உரிமை ஒன்று, அதற்கும் பதிலாக ஆறாம் சுற்று ஒன்று திரும்பி வந்தது. சந்தையில் மரக்கறி வாங்கிக் கறிவேப்பிலையும் கேட்டு வாங்குகிற மாதிரி. வந்து இரண்டாவது ஆட்டத்திலேயே 41 வயது ஆரன் ரொஜர்ஸின் பிட்ஸ்பர்க்கை 33-31 என்று வென்றார், 342 யார். ஆனால் சின்சினாட்டியில் அவர் தொடங்கிய ஆறு ஆட்டத்தில் வென்றது அது ஒன்றுதான். சிக்காகோவோடு 470 யார் எறிந்தும் தோற்றார்கள், எதிரணி 47 புள்ளி எடுத்தால் எந்தக் கிழவன் காப்பாற்றுவான்? ஸ்பெயார் டயர் விலைக்கு ஸ்பெயார் டயர் வாங்கினார்கள், அதில் ஏமாற்றமில்லை. ஜயன்ட்ஸ் அதையே முன் டயராகப் பூட்டிக்கொண்டு மலை ஏறப் பார்த்தது.

சந்தாவுக்கு வருவோம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். முழு ஆட்டம் பார்க்க நேரமும் டேட்டாவும் இல்லாதவர் வாங்கினால் நாற்பது நிமிடச் சுருக்கத்தோடு சந்தோஷமாக இருக்கலாம், வாரத்துக்கு நாலைந்து ஆட்டம் முடித்துவிடலாம். ஓர் ஆள் தேறுவாரா மாட்டாரா என்று பார்க்கிறவர் முழுசைப் போடுங்கள், அப்புறம் அதே ஆட்டத்தின் கடைசிப் பகுதியை மட்டும் ஆல்-22இல். ஆல்-22 சின்ன போனில் எறும்பு ஊர்வது மாதிரித்தான் தெரியும், டீவீயில் போடுவது நல்லது. இன்னொன்று, சொந்தக்காரர்களின் வட்ஸ்அப்பை மூடி வையுங்கள். நான் மூன்று முடிவுகளை மச்சானிடம் இருந்துதான் முதலில் தெரிந்துகொண்டேன்.

அவன் இப்போது டார்ட்டைப் பற்றியே எழுதுகிறான், முழு ஆட்டமாகப் பார் என்று தொல்லை. பையனுக்கு 22 வயதுதானே, நாற்பது நிமிடமே போதும் என்று பதில் போட்டேன்.