ஒரே கரை, இரண்டு கடல்: மண்டபம் முதல் தனுஷ்கோடி வரை எங்கள் விடுமுறைகள்

மதுரையில் எங்கள் தெருவிலிருந்து பிள்ளைகளுடன் விடுமுறைக்குப் புறப்படும் குடும்பங்கள் ஆண்டுக்கு ஓர் ஊராக மாற்றிக்கொண்டே இருக்க, நாங்கள் மட்டும் பல ஆண்டுகளாக ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் தங்கி, அரியமான், பாம்பன், தனுஷ்கோடி என்று அதே கரைக்கே சென்றுவருகிறோம். சலிக்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் உண்டு. இந்தக் கரைக்குக் கடல் இரண்டு. எந்த மாதத்தில் எந்தக் கடலை நாட வேண்டும் என்பது பிடிபடுவதற்கே சில பயணங்கள் தேவைப்படும்.

வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் மீனவர்கள் சொல்வார்கள். கோடை விடுமுறையின்போது வீசும் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் தெற்குக் கரை கொந்தளித்துக் கிடக்கும். அதே நாளில் வடக்குக் கரையில் உள்ள அரியமானில் அலை அடங்கி, சிறு பிள்ளைகளும் இடுப்பளவு நீரில் நின்று விளையாட முடியும். ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்று எழுந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். பொழுதுபோக்குப் பூங்காவின் அலைக்குளம் பன்னிரண்டு மாதமும் ஒரே அளவில்தான் எழும். இங்கே தை மாதத்தில் பார்த்த கடற்கரையை வைகாசியில் அடையாளம் காண்பதே கடினம்.

அரியமானைப் பற்றி ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். கச்சான் காலத்தில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், நீர் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும், காற்றடைத்த மிதவைகளும் ரப்பர் வளையங்களும் மெல்ல உள்ளே இழுத்துச் செல்லப்படும். அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுக்காமலிருப்பதே நல்லது. காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை நான்கு மணிக்குப் பின்னரும் இறங்குங்கள். இடைப்பட்ட வெயிலுக்குச் சவுக்குத் தோப்பு இருக்கிறது.

தனுஷ்கோடியில் நாங்கள் கண்ட மாற்றம் பெரிது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த அந்த ஊருக்கு, 2017-க்கு முன்பு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து வேனில் ஏறி, மணலிலும் தேங்கிய கடல்நீரிலும் குலுங்கியபடிதான் போக முடிந்தது. அந்த ஆண்டு அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறக்கப்பட்ட பிறகு எழுபது வயதைக் கடந்த என் மாமியாரும் சிரமமின்றிக் கடல்முனையைப் பார்த்தார். அதற்காகவே அந்தச் சாலையை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் வாகனங்களுடன் குப்பையும் கூடவே வந்தது. இடிந்த தேவாலயத்தின் அருகே உணவுப் பொட்டலங்கள் கிடப்பதைக் காண வேதனையாக இருக்கிறது. முனையில் நிழலும் போதாது, கழிவறை வசதியும் போதாது. நீரோட்டம் வலுவாக இருப்பதால் அங்கே யாரையும் குளிக்க விடாதீர்கள். பொழுது சாயும் முன் திரும்பிவிடுவதும் அவசியம்.

ரயிலில் செல்பவர்களுக்கு இடையில் ஒரு தடங்கல் இருந்தது. 1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டதால், ராமேஸ்வரம் போக வேண்டியவர்கள் வழியிலேயே இறங்கிச் சாலைப் பாலத்தின் வழியாகத் தொடர்ந்தார்கள். 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. பழைய பாலத்தின் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இருபுறமும் உயர்ந்தது; புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழுகிறது. கப்பலுக்கு வழி விடும் நேரம் வாய்த்தால் சாலைப் பாலத்திலிருந்து காணலாம். எங்கள் மகனுக்கு இந்தக் கரையில் மிகவும் பிடித்தது அதுதான்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை என்பதை நினைவில் வையுங்கள். கோடை விடுமுறை முழுவதும் அதற்குள் அடங்கிவிடுவதால் மீன் விலை ஏறியிருக்கும். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. காலையில் கரைக்குப் போனால் அன்று பிடித்த நகரை மீனும் நண்டும் கிடைக்கும், சமைத்துத் தரும் தங்குமிடமாகப் பார்த்துக்கொண்டால் போதும்.

ராமநாதசுவாமி கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடுவது தனி அனுபவம்தான், என்றாலும் ஆடி அமாவாசையையும் தை அமாவாசையையும் ஒட்டி விடுமுறையைத் திட்டமிடாதீர்கள். அந்நாட்களில் அறையும் கிடைக்காது, நிதானமாகத் தரிசிக்கவும் இயலாது.

எனக்கு மிகவும் பிடித்த காலம் தையின் பிற்பகுதியும் மாசியும். வாடை தணிந்திருக்கும், வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும், கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் பூநாரைகள் கூட்டமாக இரை தேடும். பள்ளி நாட்கள் என்பதால் ஒரு வார இறுதிக்கு மேல் தங்க முடிவதில்லை என்பது மட்டுமே குறை. ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் தொண்டிக்குச் செல்லும் வழியில் உள்ள காரங்காட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே அலையாத்திக் காட்டின் ஊடே வனத்துறை படகுச் சவாரி நடத்துகிறது. இருபுறமும் மரங்கள் மறைப்பதால், திறந்த கடலில் காற்று பலமாக இருக்கும் நாளிலும் பிள்ளைகளுடன் அச்சமின்றிப் போய்வரலாம்.