திருகோணமலையில் நல்ல சிரட்டைக் கரி வாங்குவது

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீடெடுத்துத் தங்கும் வெளிநாட்டு உறவுகளுக்கு மீன் ஒரு பிரச்சினையே இல்லை. விடியக் கரைக்குப் போனால் விளைமீன், பாரை, சீலா, கணவாய் என்று வேண்டியதை எடுத்து வரலாம். சுடுவதற்கு ஏற்ற கரிதான் லேசில் அகப்படாது. கடைகளில் கரி என்ற பெயரில் ஏதோ ஒன்று எப்போதும் இருக்கும். இங்கே சொல்வது உடையாத துண்டாக, உள்வரை எரிந்து, ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும் சிரட்டைக் கரியைப் பற்றி. மீன் சுடுவதற்கு அதை வெல்ல வேறு கரி இல்லை. சூடு அதிகம், சாம்பல் மிகக் குறைவு, மீனின் மணத்தைக் கெடுக்காது.

வீட்டுக்கு வீடு தேங்காய் துருவும் நாட்டில் இதற்கு ஏன் இந்தத் தட்டுப்பாடு? ஒரு தொன் கரிக்கு ஏறக்குறைய 20,000 தேங்காயின் சிரட்டை வேண்டும். குருநாகல், புத்தளம், கம்பஹா என்ற தென்னை முக்கோணத்தில் எரிபடும் நல்ல கரி நேரே அக்டிவேட்டட் காபன் என்ற வடிகட்டும் கரி செய்யும் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுகிறது. தண்ணீர் வடிகட்டவும், தங்கச் சுரங்கங்களில் பொன்னைப் பிரித்தெடுக்கவும் உலகம் முழுவதும் அது தேவை. அங்கே கழிபட்ட தூளும் அரைகுறையாய் எரிந்த துண்டும்தான் சில்லறைக் கடைகளில் அதிகம் காணக் கிடைக்கிறது. திருகோணமலையோ அந்த முக்கோணத்துக்கு வெளியே இருக்கிறது. குருநாகலிலிருந்து ஏ6 வீதியால் ஹபரணை, கந்தளாய் தாண்டி மூடை வந்து சேர வேண்டும். ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை கடற்கரைச் சீசன் என்பதால் ஹோட்டல் குசினிகளும் அதே கரிக்குத்தான் கை நீட்டும்.

சுப்பர் மார்க்கெட்டில் பார்பிகியூ கரி என்று பையில் விற்பதை முதலில் தொட்டுப் பாருங்கள். எல்லாத் துண்டும் ஒரே அளவாக, சிறு தலையணை போலவோ ஆறுமூலைக் கட்டை போலவோ இருந்தால் அது தூளை மாப்பசையோடு சேர்த்து அழுத்திய கரி. கெட்டது என்று சொல்ல முடியாது. நின்று எரியும், சூடு ஏறி இறங்காது, புகை போடுவதற்கு நன்றாகவே உதவும். ஆனால் பற்றி வர அரை மணித்தியாலம் எடுக்கும், சாம்பலும் கூட. மெல்லிய மீனுக்கு அது பொருந்தாது.

நல்ல கரிக்குப் பிரதான வீதியிலும் சந்தையைச் சுற்றியும் உள்ள பழைய பலசரக்குக் கடைகளிலும் ஹாட்வெயார் கடைகளிலும் கேட்க வேண்டும். கரி அழுக்கான சரக்கு, அதை முன் தட்டில் யாரும் வைக்கமாட்டார்கள். வெறுமனே "கரி இருக்கா?" என்று கேட்டால் சாம்பிராணிக்குப் போடும் வட்ட வில்லையை நீட்டிவிடுவார்கள். அது உடனே பற்றுவதற்காக வெடியுப்பு கலந்தது, சமையலுக்கு ஆகாது. "அண்ணை, மீன் சுடச் சிரட்டைக் கரி வேணும், தூள் இல்லாமல் துண்டாய் வேணும்" என்று முழுதாகக் கேளுங்கள். கடையில் இல்லாவிட்டாலும் எப்போது மூடை வரும் என்று சொல்வார்கள். சாக்கை அவிழ்த்துக் காட்டச் சொன்னால் முகம் சுளிக்கமாட்டார்கள், ஆனால் கூட்டம் சேரமுன் காலையிலேயே போக வேண்டும். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆவுக்காகப் பல கடைகள் மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அங்கும் இல்லையென்றால் கொல்லர் பட்டறையில் விசாரியுங்கள். கரியின் தரம் அவர்களுக்குத்தான் அத்துப்படி. சூடு போதாத கரியை அவர்கள் இரண்டாம் முறை வாங்கமாட்டார்கள். மூடை எங்கே எடுக்கிறார்கள் என்று கேட்டுப் போவது கடை கடையாக ஏறி இறங்குவதைவிட நல்லது. கடற்கரை ஹோட்டல்களுக்குச் சாமான் ஏற்றும் ஓட்டோக்காரருக்கும் இடம் தெரிந்திருக்கும். போய்வரக் கூலியையும், காத்து நிற்கும் நேரத்தையும் ஏறமுன் பேசிக்கொள்ளுங்கள். மூடைக்கு அடியில் விரிக்கப் பழைய படங்கு ஒன்று கொண்டு போனால் அவருடைய இருக்கை கறுக்காது.

பார்த்து எடுக்கும் விதம் இதுதான். சாக்கின் மேலிருந்து எடுக்காமல், கையை ஓரமாக விட்டு அடியிலிருந்து ஒரு துண்டு எடுங்கள். இன்னொரு துண்டில் தட்டுங்கள். உடைந்த ஓட்டுத் துண்டைத் தட்டுவது போன்ற கூர்மையான ஒலி வந்தால் சரி, மரத்தைத் தட்டியது போல மந்தமாக இருந்தால் எரிவு போதாது. பிறகு அதை இரண்டாக முறியுங்கள். முறிந்த விளிம்பு ஒரே கறுப்பாக, கண்ணாடி முறிந்தது போல மினுங்க வேண்டும். விளிம்பின் நடுவே மெல்லிய கபில நிறக் கோடு தெரிந்தால் உள்ளே இன்னும் சிரட்டைதான் இருக்கிறது. அந்தக் கோடுதான் அடுப்பில் மஞ்சள் புகையாகக் கிளம்பி, தார் மணமாக மீனில் படியும். மறுபக்கம், விரலால் அமர்த்தியவுடன் பொடிந்து வெண்சாம்பல் படிந்த துண்டு அளவுக்கு மேல் எரிந்தது. பத்து நிமிடத்தில் முடிந்துபோகும்.

ஈரத்தையும் கவனிக்க வேண்டும். கரியை நனைத்தால் நிறை கூடும் என்பது எல்லாருக்கும் தெரியும். உள்ளங்கையில் ஒரு பிடி எடுத்து மூடிப் பிடித்தால் உலர்ந்த கரி குளிராது. நனைந்தது குளிரும், தூள் கையில் பசை போல ஒட்டும். அடுப்பில் போட்டால் பட்பட்டென்று வெடித்துப் பொறி தெறிப்பதும் இதனால்தான். நவம்பர், டிசம்பர் வாடைமழையில் வாங்கினால் எந்தக் கரியும் கொஞ்சம் ஈரம் இழுத்தே இருக்கும். வெயில் எறித்ததும் ஒரு படங்கில் பரப்பி மூன்று மணித்தியாலம் காயவிட்டால் போதும். சாக்குக் கணக்கில் விலை பேசாமல் தூளை அரித்துவிட்டு நிறுத்து வாங்குங்கள். ஐந்தாறு பேருக்கு ஒரு நாள் மீன் சுட 3 கிலோ தாராளம்.

'காட்டுக் கரி' என்று மரக்கரியும் காட்டுவார்கள். பாலை, வீரை போன்ற வைர மரக் கரி கனமானது, நீண்ட நேரம் நிற்கும், இறைச்சிக்கு மிக நல்லது. ஆனால் காட்டிலிருந்து எடுக்கும் மரத்துக்கும் கரிக்கும் வனச் சட்டம் இருக்கிறது. எங்கே எரித்தது என்று கேட்டுத் தெளிவான பதில் வந்தால் மட்டும் வாங்குங்கள். களப்போரச் சதுப்பில் வளரும் கண்டல் மரத்தின் கரி என்றால் தொடவே வேண்டாம். கிண்ணியா, மூதூர்ப் பக்கக் களப்புகளில் நண்டும் இறாலும் குஞ்சு வளர்ப்பது அந்தக் கண்டல் வேர்களுக்கிடையில்தான். நாளைய மீனை எரித்து இன்றைய மீனைச் சுடக் கூடாது.

உறவினர் வீடு ஊரில் இருந்தால் கடையை நம்பத் தேவையில்லை. வருவதற்கு மூன்று மாதம் முன்பே சிரட்டை சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு தேங்காய் என்றால் 90 தேங்காய், அதில் நாலு கிலோவுக்குக் குறையாமல் கரி கிடைக்கும். முற்றிய தேங்காயின் சிரட்டையாக இருக்க வேண்டும், இளநீர்க் கோம்பை உதவாது. ஒட்டியிருக்கும் தும்பைக் கத்தியால் சுரண்டிவிடுங்கள், அது புகையையும் சாம்பலையும் கூட்டும். 20 லீற்றர் எண்ணெய் ரின்னின் மேல்மூடியை வெட்டி, அடியில் விரல் பருமனில் ஆறு துளை போட்டு, மூன்று கல்லின் மேல் நிறுத்துங்கள். அடியில் ஒரு பிடி சிரட்டையைப் பற்றவைத்து, அது சிவந்து வரும்போது அடுத்த அடுக்கைப் போட வேண்டும். சாம்பல் பூக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றால் கீழ் அடுக்கு வீணாகும். அவசரப்பட்டு ஒரேயடியாக நிரப்பினால் மேல் அடுக்கு வேகாமல் கபிலமாக நிற்கும். ரின் நிரம்பி, தடித்த வெண்புகை அடங்கி, மெல்லிய நீலப் புகையாக மாறும் நேரம்தான் மூட வேண்டிய நேரம். ஒருவர் கல்லை இழுக்க, ரின்னை ஈரமண்ணில் இறக்கி அடித்துளைகளை அடையுங்கள். மேலே தகரம் போட்டு விளிம்பைக் களிமண்ணால் பூசுங்கள். எங்காவது புகை கசிந்தால் அங்கே காற்று போகிறது, உடனே பூச வேண்டும். மறுநாள் காலைவரை திறக்கக் கூடாது. சூடு இருக்கும்போது திறந்தால் காற்றுப் பட்டதும் முழுவதும் மீண்டும் பற்றிவிடும். ஆறிய பிறகும் உடனே சாக்கில் கட்டாமல் ஒரு நாள் நிழலில் பரப்பி வையுங்கள். புதுக் கரி காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்துத் தானாகவே சூடேறும் தன்மை உடையது.

பற்றவைக்க மண்ணெண்ணெய், பெற்றோல் எதுவும் வேண்டாம், மணம் மீனில் ஏறும். பெரிய பால்மா ரின் ஒன்றின் மேல், கீழ் இரு பக்கத்தையும் வெட்டி, கீழிருந்து ஐந்து சென்ரிமீற்றர் உயரத்தில் கம்பி குறுக்கே கோத்து, அதற்குக் கீழே சுற்றிவர ஆணியால் பெரிய துளைகள் போட்டால் கரி மூட்டும் குழாய் தயார். கீழே உலர்ந்த பன்னாடை, மேலே கரி. தென்னம் பன்னாடையைப் போலப் பற்றும் பொருள் கடையில் எதுவுமில்லை. சிரட்டைக் கரி 12 முதல் 15 நிமிடத்தில் விளிம்பெல்லாம் சாம்பல் பூத்து வந்துவிடும். குழிந்த துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கிண்ணம் போல அடைந்தால் காற்று ஏறாது, ஆகவே மூன்று நான்கு சென்ரிமீற்றர் அளவுக்கு முதலிலேயே உடைத்துவிடுங்கள்.

45க்கு 30 சென்ரிமீற்றர் அடுப்புக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கரி போதும். கரியை ஒரு பக்கம் குவித்து மறுபக்கத்தை வெறுமையாக விடுங்கள். கொழுப்புச் சொட்டித் தீ எழும்பினால் மீனை நகர்த்த இடம் வேண்டும். கம்பிக்கு மேலே ஒரு சாண் தள்ளிக் கையைப் பிடித்துப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் தாங்க முடியாவிட்டால் அது கணவாய்க்கும் இறாலுக்கும் உரிய சூடு. ஐந்து விநாடி தாங்கினால் முழுமீனை வைக்கலாம். மீனின் தடித்த இடத்தில் ஒவ்வொரு 2.5 சென்ரிமீற்றருக்கும் மொத்தம் பத்து நிமிடம் என்பது நம்பகமான கணக்கு. நாலு சென்ரிமீற்றர் தடிப்பான விளைமீனுக்குப் பக்கத்துக்கு எட்டு நிமிடம். சிரட்டைக் கரியின் உச்சச் சூடு அரை மணித்தியாலத்துக்கு மேல் நிற்காது. அதனால் முதல் மீன் அடுப்பிலிருக்கும்போதே அடுத்த கரியை ரின்னில் மூட்டிவிடுங்கள். மூட்டாத கரியை மீனுக்கு அடியில் போடவே கூடாது.

புகை போடுவதற்குப் பாரைத் துண்டம் நல்லது. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 80 கிராம் உப்பு, இரண்டு சென்ரிமீற்றர் தடிப்புத் துண்டு முக்கால் மணித்தியாலம் ஊற வேண்டும். பிறகு மின்விசிறிக் காற்றில் ஒரு மணித்தியாலம், மேற்பரப்பு விரலில் லேசாக ஒட்டும்வரை காயவிடுங்கள். ஈரமான மீனில் புகை சீராகப் படியாது, கசக்கும். மூடியுள்ள அடுப்பில் 400 கிராம் மூட்டிய கரி ஒரு பக்கம், அதன் மேல் கைப்பிடி அளவு பொச்சுமட்டை, மீன் மறுபக்கம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பொச்சு சேர்த்து, உள்ளே 80 பாகை செல்சியஸ் அளவில் ஒன்றரை மணித்தியாலம் வைத்தால் சரியாக வரும். மீனின் நடுப்பகுதி 63 பாகையைத் தொட்டிருக்க வேண்டும். சூரை வாங்கினால் கரையிலிருந்தே ஐஸில் வைத்துக் கொண்டு வாருங்கள். வெயிலில் கிடந்த சூரையில் உண்டாகும் ஹிஸ்ரமின் என்ற நச்சுப் பொருள் சுட்டாலும் புகைத்தாலும் அழியாது, உடம்பெல்லாம் தடித்துச் சிவக்கும். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் தோணிப் பலகை எரிக்க அழகாகத் தெரியும், ஆனால் அதில் பெயின்ற்றும் தாரும் ஊறியிருக்கும். சமையல் நெருப்புக்கு அருகே கொண்டுவர வேண்டாம்.

மே மாதத்திலிருந்து பின்னேரங்களில் தரைப்பக்கமிருந்து கச்சான் காற்று வறண்டு வீசும். கிடுகு வேலிக்கு அருகே அடுப்பு வைத்தால் ஒரு பொறி போதும். மழை வந்ததென்று அடுப்பை அறைக்குள்ளோ மூடிய விறாந்தைக்குள்ளோ எடுத்து வைக்கவும் கூடாது. கரி புகையாமல் எரியும்போதுகூடக் கண்ணுக்குத் தெரியாத காபன் மொனொக்சைட் வாயு வருகிறது, மணமும் இல்லை, ஆளைக் கொல்லும்.

சுட்டு முடிந்ததும் தணலைக் கடற்கரை மணலில் புதைத்துவிட்டு வருவது ஊரில் கண்ட பழக்கம். தயவுசெய்து செய்யாதீர்கள். மணலுக்குள் சூடு மணிக்கணக்கில் நிற்கும், மேலே எதுவும் தெரியாது, வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள்தான் மிதிப்பார்கள். மூடியுள்ள ரின்னில் தணலை அள்ளி இறுக மூடினால் காற்றின்றி அணைந்துவிடும், மறுநாளும் அதே கரி உதவும்.

மிஞ்சியதைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு: கரி ஐ.நா. 1361 என்ற எண்ணில் தானாகத் தீப்பற்றக்கூடிய பொருள்களின் பட்டியலில் இருக்கிறது, பயணப் பொதியில் அனுமதியில்லை. கட்டுநாயக்கவில் பெட்டியைத் திறந்து எடுத்துவிடுவார்கள். ஈரம் படாத மூடியுள்ள வாளி ஒன்றில் போட்டு உறவினர் வீட்டுப் பரணில் வைத்துவிட்டுப் போங்கள், அடுத்த விடுமுறைக்கு அப்படியே இருக்கும்.