பாலியில் மாநாடு: நுசா துவாவில் தங்கலாமா, சனூரிலா, ஜிம்பரானிலா?

பாலியில் பெரிய மாநாடு என்றால் பெரும்பாலும் நுசா துவா என்ற விடுதி வளாகம்தான். 2007-இல் ஐ.நா. பருவநிலை மாநாடு, 2018-இல் உலக வங்கி, ஐ.எம்.எஃப். ஆண்டுக் கூட்டம், 2022-இல் ஜி20 எல்லாம் அங்கேதான் நடந்தன. அழைப்போடு வரும் விடுதிப் பட்டியலும் அநேகமாக அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கும். அதையே எடுப்பதா, வெளியே தங்குவதா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்களுக்குக் கடல் காலையில் வேண்டுமா, மாலையில் வேண்டுமா என்பதைத்தான்.

பகல் முழுக்க ஏசி அரங்கில் போய்விடும். மிஞ்சுவது விடியலில் ஒரு மணி நேரம், அந்தியில் ஒரு மணி நேரம். நுசா துவாவும் சனூரும் கிழக்குக் கரை, சூரியன் கடலிலிருந்து எழும். ஜிம்பரான் மேற்குக் கரை, அங்கே கடலில் இறங்கும். பாலி நேரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே காலை 6 மணி என்றால் நம் உடம்புக்கு இன்னும் 3.30. முதல் இரண்டு நாள் உதயம் பார்ப்பது கஷ்டம், அந்தி நேரத்தில் நாம் தெளிவாக இருப்போம்.

நுசா துவாவின் பலம், அரங்கம் பக்கத்திலேயே இருப்பது. மதியம் அறைக்குப் போய் அரை மணி நேரம் படுத்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு அடுத்த அமர்வுக்கு வந்துவிடலாம். கட்டுரை வாசிக்கிறவருக்கு இது பெரிய விஷயம். மணலும் சுத்தம். ஆனால் சுற்றுலாவுக்கென்றே தனியாகத் திட்டமிட்டு, வாயிலில் காவல் போட்டுக் கட்டிய இடம் அது. உள்ளேயே இருந்துவிட்டால் பாலியைப் பார்க்காமலே ஊர் திரும்புவீர்கள். நான் போனபோது இரண்டாம் நாள் மதியம் வாயிலைத் தாண்டி ஒரு வாருங்கில், அதாவது சின்ன சாப்பாட்டுக் கடையில், நாசி சம்புர் சாப்பிட்டேன். சோறு, வறுத்த தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தேங்காய்த் துருவல் போட்ட காய், ஓரத்தில் மிளகாய்ச் சம்பல். கடை வாசலில் ஓலைத் தட்டில் பூவும் அரிசியும் வைத்து, ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. அதற்குப் பெயர் சனாங் சாரி. நடைபாதையெல்லாம் இருக்கும், மிதித்துவிடாமல் பார்த்துப் போங்கள். சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சம்பலில் பெரும்பாலும் இறால் விழுது சேர்ப்பார்கள். ‘தன்பா தெராசி’ என்று சொல்லிக் கேளுங்கள், அது இல்லாமல் தருவார்கள்.

சனூர் எனக்கு மிகவும் பிடித்த ஊர். 1966-இல் அங்கே பத்து மாடி ஹோட்டல் ஒன்று எழுந்தது. அதற்குப் பிறகுதான் தென்னை மரத்தைவிட உயரமாகக் கட்டக்கூடாது என்ற விதி பாலிக்கு வந்தது. இன்றும் சனூரில் வானம் நிறையத் தெரியும். கரையோரமாகக் கிலோமீட்டர் கணக்கில் நடைபாதை. காலையில் உள்ளூர்ப் பெரியவர்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் இருபுறமும் மூங்கில் கட்டிய படகுகள். குடும்பத்தோடு வருகிறீர்கள் என்றால் கேள்வியே வேண்டாம், சனூர்தான். நீங்கள் அமர்வில் இருக்கும்போது அவர்கள் பொழுது நன்றாகவே போகும். அரங்கத்துக்குப் போக 2013-இல் கடல்மேல் போட்ட சுங்கச் சாலை இருக்கிறது. அரை மணி நேரம் போதும் என்பார்கள், காலை அமர்வில் பேச வேண்டியவர் ஒரு மணி நேரம் ஒதுக்குவது நல்லது. வாடகை ஸ்கூட்டர் வேண்டாம். பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தில் இருசக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லாவிட்டால், விபத்து நேரும்போது காப்பீடும் கைவிட்டுவிடும்.

இரண்டு கிழக்குக் கரைகளுக்கும் ஒரு குறை பொது. பவளப்பாறை அலையைத் தடுப்பதால் கடல் சாது, ஆனால் கடல் வற்றும் நேரத்தில் தண்ணீர் முழங்காலுக்குக் கீழே போய்விடும். நீந்த ஆசையிருந்தால் கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

அப்புறம் ஜிம்பரான். மணலிலேயே மேசை போட்டு, தேங்காய் மட்டைத் தீயில் மீன் சுட்டுத் தருவார்கள். சூரியன் ஏறத்தாழ 6-லிருந்து 6.45-க்குள் மறைந்துவிடும். ஐந்தரைக்கு அமர்வு முடிந்தால் உடனே கிளம்புங்கள், தேநீருக்கு நின்றால் இருட்டில்தான் போய்ச் சேருவீர்கள். மீனுக்கு எடைக் கணக்கில் விலை. முதல் தடவை நான் எடையைக் கேட்காமல் கைகாட்டிவிட்டேன், நினைத்ததைப்போல இரண்டு மடங்கு பில் வந்தது. தராசில் வைத்து, மொத்தம் எவ்வளவு என்று கேட்ட பிறகே சுடச் சொல்லுங்கள். மாநாட்டு நாட்கள் முழுக்க அங்கே தங்க வேண்டியதில்லை. விமான நிலையம் பக்கம் என்பதால் கடைசி இரவை மட்டும் அங்கே வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

பக்கத்திலுள்ள கூத்தா கடற்கரையை நான் கணக்கில் எடுக்கவில்லை. நெரிசல் ஒருபக்கம், நீரோட்டம் ஒருபக்கம். சிவப்புக் கொடி கண்டால் இறங்காதீர்கள்.

எங்கே தங்கினாலும் இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் தரும் விசாவுக்கு 500,000 ரூபியா, 2024 முதல் சுற்றுலா வரி 150,000 ரூபியா. மார்ச் மாத மாநாடு என்றால் டிக்கெட் போடும் முன் நியேபி, அதாவது பாலி இந்துக்களின் மௌன நாள், எந்தத் தேதி என்று பாருங்கள். அன்று 24 மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும், விடுதியை விட்டு வெளியே காலடி வைக்க முடியாது.