கிரேடு சரி, ஹார்ட்னெஸ் சரி, ஷாஃப்ட் மட்டும் ரெண்டு துண்டு: 17-4 பி.எச். வாங்குறவங்க படிச்சுட்டு வாங்குங்க

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் சின்னதா ஒரு லேத் பட்டறை வெச்சிருக்கேன். பம்ப் ஷாஃப்ட், ஸ்லீவ், நட், இதுதான் பிழைப்பு. திருப்பூர்ல சாயக்கழிவு நீரைச் சுத்திகரிக்கிற ஒரு ஆலைக்கு, பம்ப் ஷாஃப்ட் பண்ணித் தரச் சொல்லி ஆர்டர் வந்தது. டிராயிங்ல தெளிவா எழுதியிருந்தாங்க: 17-4 பி.எச். (செம்பு கலந்த, சூடு போட்டு பலம் ஏத்துற ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்), எச்-1150 கண்டிஷன் (அதுக்குப் போடுற ஒரு வகை ஹீட் ட்ரீட்மென்ட்). உப்புத் தண்ணியில ஓடுற பம்ப். சாதாரண ஸ்டெயின்லெஸ் ஸ்டீலான 304 போட்டா துரு தாங்கும், பலம் பத்தாது. 304-க்கு யீல்டு (நிரந்தரமா வளைய ஆரம்பிக்கிற அளவு) குறைஞ்சது 205 மெகாபாஸ்கல்தான். எச்-1150 போட்ட 17-4-க்கு 725. துரு தாங்குறதுல ஏறக்குறைய 304 மாதிரி, பலத்துல மூணரை மடங்கு. நீராவி டர்பைன் பிளேடு, வால்வு ஸ்டெம், விமான பாகம்னு இதைத் தேடிப் போறது அதனாலதான்.

நாலு இடத்துல ரேட் கேட்டேன். சென்னையில ஒரு வியாபாரி மத்தவங்களைவிட கிலோவுக்கு 40 ரூபாய் குறைச்சுச் சொன்னார். "எச்-1150 ரெடி ஸ்டாக் சார், டி.சி.யோட (மில்லோட டெஸ்ட் சர்ட்டிஃபிகேட்) வரும், நாளைக்கே லாரியில ஏத்திடறேன்." 55 எம்.எம். ரவுண்டு பார், மூணு மீட்டர் நீளம், ஆறு பார் எடுத்தேன். ஒரு பார் 55 கிலோ சொச்சம். அந்த நாப்பது ரூபாய் எங்கேயிருந்து குறையுதுன்னு அன்னைக்கு யோசிக்கல.

சரக்கு வந்ததும் என்னால ஆன சோதனையெல்லாம் பண்ணினேன். காந்தம் ஒட்டுச்சு. (இது மார்ட்டென்சைட் வகை, ஒட்டத்தான் செய்யும். 410, 431 மாதிரி மத்த ஸ்டீல்லயும் ஒட்டும். 304-ஐ மாத்திக் கொடுக்கலைங்கிறதைத் தவிர காந்தத்தால ஒண்ணும் தெரியாது.) லேப்ல ஸ்பெக்ட்ரோ (எந்த உலோகம் எத்தனை சதவீதம்னு காட்டுற மெஷின்) பார்த்தேன்: குரோமியம் 15.6, நிக்கல் 4.5, செம்பு 3.3, நையோபியம் 0.28. எல்லாம் கோட்டுக்குள்ள. கடினத்தை அளக்கிற ராக்வெல் சி அளவுல ஹார்ட்னெஸ் 34. எச்-1150-க்கு 28-க்குக் குறையக் கூடாதுன்னு ஏ.எஸ்.டி.எம். ஏ564-ங்கிற தர விதி சொல்லுது, 34 பாஸ். நிம்மதியா லேத்ல ஏத்திட்டோம்.

லேத் அண்ணன் ரெண்டாவது நாளே சொன்னார், "தம்பி, சிப்பு உடைய மாட்டேங்குது, நூல் மாதிரி இழுக்குது. போன தடவை வந்த 17-4 இப்படி இல்லீங்." நான், "இன்சர்ட்டை மாத்திப் பாருங்கண்ணா"ன்னு சொல்லிட்டு ஜி.எஸ்.டி. ஃபைல் பண்ணப் போயிட்டேன்.

அஞ்சாவது மாசம் ஆலையிலிருந்து போன். ஷாஃப்ட் கீவே (கீ உட்கார வெட்டுற பள்ளம்) கிட்ட ரெண்டா உடைஞ்சு நின்னுடுச்சு. போய் கையில வாங்கிப் பார்த்தேன். வளைவு இல்லை, முறுக்கு இல்லை. உடைஞ்ச முகம் சர்க்கரை உடைச்ச மாதிரி மினுமினுன்னு இருந்தது, ஓரத்துல மட்டும் பழுப்பா ஒரு பிறை. விரிசல் அங்கே ரொம்ப நாளாவே இருந்திருக்கு. அடுத்த மாசம் இன்னொண்ணும் போச்சு. ஆலைக்காரங்க டெபிட் நோட் அனுப்பிட்டாங்க.

வியாபாரிகிட்ட பேசினா, "கெமிக்கல் ஓகே, ஹார்ட்னெஸ் ஓகே. உங்க மெஷினிங் தப்பு சார்." உடைஞ்ச ஷாஃப்ட்டோட லேப் ரிப்போர்ட்லயும் கீவே மூலையில ரேடியஸ் கம்மி, அதாவது மூலை ரொம்பக் கூர்மைன்னு ஒரு வரி இருந்தது. அது என் தப்பு, ஒத்துக்கறேன். ஆனா அதே கட்டரால, அதே மூலையோட வெட்டின என் பழைய ஷாஃப்ட்டுகள் அங்கேயே இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

விஷயத்தைப் பிடிச்சவர் ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில நாப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒரு பெரியவர். ரிப்போர்ட்டைக்கூட முழுசாப் படிக்கல. "கண்ணு, மீதி பார்ல ஒரு துண்டு வெட்டி 480 டிகிரியில ஒரு மணி நேரம் வெச்சு எடு. திரும்ப ஹார்ட்னெஸ் பாரு." பார்த்தோம். 34 இருந்தது 43-க்கு ஏறிடுச்சு. அவர் சிரிச்சார். "இது சூளைக்கே போகாத பானை."

அவர் சொன்னதை எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன். மில்லுல இந்த ஸ்டீலை 1040 டிகிரிக்குச் சூடாக்கும்போது செம்பு முழுக்கக் கரைஞ்சுடும். ஆறும்போது அது வெளியே வர நேரமில்லாம உள்ளேயே மாட்டிக்கும். இதுதான் கண்டிஷன் ஏ. அதுக்கப்புறம் 480 டிகிரியில ஒரு மணி நேரம் வெச்சா, கண்ணுக்குத் தெரியாத துகளா செம்பு பிரிஞ்சு நின்னு இரும்பை நகர விடாமப் பிடிச்சுக்கும். அதுதான் எச்-900, இதுலயே அதிகக் கடினம், 40-க்கு மேல. 620 டிகிரியில நாலு மணி நேரம் வெச்சா துகள் பெருத்துடும், கடினம் குறையும், ஆனா அடி தாங்கும். அது எச்-1150. நிஜமாவே எச்-1150 போட்ட துண்டைத் திரும்ப 480-ல வெச்சாலும் ஹார்ட்னெஸ் ஏறாது. ஏறுதுன்னா செம்பு இன்னும் உள்ளேயே இருக்குன்னு அர்த்தம்.

என்னை ஏமாத்தினது இதுதான்: கண்டிஷன் ஏ-யோட ஹார்ட்னெஸும் 33, 35-ன்னுதான் வரும். எச்-1150-யும் 28-லிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் வரும். ஒரே எண், ரெண்டு வேற பொருள். கண்டிஷன் ஏ-யை அப்படியே வேலையில போடவே கூடாது. அடி தாங்காது, உப்புத் தண்ணியில இழுவிசையோட இருந்தா விரிசல் விடும். ஸ்பெக்ட்ரோவோ, எக்ஸ்ரே கன்னோ இதைக் காட்டாது. அதுங்களுக்குத் தெரிஞ்சது என்னென்ன உலோகம் எவ்வளவு இருக்குங்கிறது மட்டும்தான்.

அப்புறம் டி.சி.யில இருந்த ஹீட் நம்பரை (ஒரே உருக்குல வந்த சரக்குக்கு மில்லு போடுற எண்) போட்டு மில்லுக்கே மெயில் போட்டேன். மூணாவது நாள் ஒரிஜினல் வந்தது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா, என் காப்பியில "கண்டிஷன்" வரியில மட்டும் எழுத்து ஒரு நூல் தடிமன். ஒரிஜினல்ல கண்டிஷன் ஏ. ஆக, அந்த நாப்பது ரூபாய் ஃபர்னஸ் செலவு.

டி.சி. திருத்தாமலேயும் ஏமாறலாம். கண்டிஷன் ஏ பாருக்கு மில்லுக்காரங்க ஒரு சாம்பிளைத் தனியா ஏஜிங் (மேலே சொன்ன 480, 620 டிகிரிச் சூடு) பண்ணி, அந்த எண்ணையும் டி.சி.யில போட்டிருப்பாங்க. அது சாம்பிளோட பலம், உங்க பாரோடது இல்லை. மேலே டெலிவரி கண்டிஷன் என்னன்னு இருக்கிற வரியைத்தான் பார்க்கணும்.

கண்டிஷன் ஏ வாங்குறது தப்புன்னு சொல்லல. கடைஞ்சுட்டு அப்புறம் ஏஜிங் போடறவங்க எத்தனையோ பேர். சுருக்கத்துக்கு மட்டும் இடம் விடணும்: எச்-900-க்கு மீட்டருக்கு அரை எம்.எம்., எச்-1150-க்கு கிட்டத்தட்ட ஒரு எம்.எம். 55 எம்.எம். பேரிங் இடத்துல எச்-1150-க்கு அது நூத்துல அஞ்சு எம்.எம்., ஃபிட் கெட்டுப் போறதுக்கு அது போதும்.

இப்ப என் பர்ச்சேஸ் ஆர்டர்ல "எச்-1150, ஃபர்னஸ் சார்ட் (எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம்னு காட்டுற பதிவு) காப்பியோட"ன்னு எழுதறேன். ஒவ்வொரு ஹீட்டுக்கும் ஒரு துண்டு 480-க்குப் போகுது. செலவு சில நூறு ரூபாய். வியாபாரி மெட்டீரியல் காசுல பாதிக்கு கிரெடிட் நோட் கொடுத்தார், அதோட போன் எடுக்கறதை நிறுத்திட்டார். ஷாஃப்ட் மாத்திக் கொடுத்த செலவும், திருப்பூர் பார்ட்டியும் என் கணக்குல.

மீதி மூணு பாரை 620-ல நாலு மணி நேரம் வெச்சு எடுத்தோம். ஹார்ட்னெஸ் 32. லேத் அண்ணன் ஒரு கட் எடுத்துட்டு, தரையில விழுந்த சிப்பைக் குனிஞ்சு எடுத்து என் உள்ளங்கையில வெச்சார். பொடிப்பொடியா உடைஞ்சிருந்தது. "இதைத்தானுங் தம்பி அன்னைக்கே சொன்னேன்."